ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு: கெப் வண்டியின் டீசற் செலவு

பொத்துவிற் பகுதியிலே கத்தரி, வெண்டி, மிளகாய், பூசணி முதலியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரர் தம் விளைவை அக்கரைப்பற்று, கல்முனை முதலிய ஊர்ச் சந்தைகளுக்கு வண்டியேற்றி அனுப்புகின்றனர். நெற் செய்கையாளர் விதைநெல்லையும் உரமூடைகளையும் வட்டைக்குக் கொண்டு செல்கின்றனர். சூடடித்த நெல்லை அங்கிருந்து ஏற்றி வருகின்றனர். முன்னாளில் இவ்வேலைகளை மாட்டுவண்டில் செய்தது. இன்று கெப் வண்டியும், பட்டா எனப்படும் சிறு லொறியும், உழவு இயந்திரப் பெட்டியும் செய்கின்றன. மாட்டுக்கு இட்ட வைக்கோல் வயலிலே விளைந்தது. வண்டிக்கு இடும் டீசலோ கடல் கடந்து வருவது. அதன் விலை நம் கையில் இல்லை.

விதைக்கு எவ்வளவு, உரத்திற்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று கொப்பியில் எழுதிவைக்கும் கமக்காரர் பலர், டீசலுக்குச் சென்ற பணத்தை மட்டும் எழுதுவதில்லை. “வண்டி ஓடினால் டீசல் முடியத்தானே செய்யும்” என்று விட்டுவிடுகின்றனர். டீசல் முடியும் என்பது மெய்யே. ஆயினும் ஒரே வண்டி, ஒரே வீதி, ஒரே சுமையாயிருந்தும், ஒரு சாரதியின் கையிலே ஒரு லீற்றர் 9 கிலோமீற்றர் ஓடுவதும் மற்றொருவர் கையிலே 11 கிலோமீற்றர் ஓடுவதும் உண்டு. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்பதை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

2022 ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2021 திசெம்பர் இறுதியில் இலங்கையில் ஒரு லீற்றர் டீசலின் விலை 121 ரூபா. 2022 யூன் 26 ஆந் தேதி அது 460 ரூபாவாயிற்று. ஆறே மாதத்தில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கு. அதன்பின் பணம் கொடுத்தாலும் டீசல் கிடைக்காத நாட்கள் வந்தன. யூன் இறுதியிலிருந்து சில கிழமைகளுக்கு இன்றியமையாத சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்பட்டது. நிரப்பு நிலையங்களின் முன் இரவு பகலாக வண்டிகள் வரிசையில் நின்றன. பறித்த கத்தரி கூடையிலே வாடிற்று. அறுவடை இயந்திரத்திற்கு டீசல் தேடுவது நெற் செய்கையாளருக்குப் பெரும்பாடாயிற்று.

அவ்வாண்டு ஓகத்து மாதம் முதல் கியூ.ஆர். குறியீட்டைக் கொண்டு கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுக்கும் தேசிய எரிபொருள் அனுமதி முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2023 செத்தெம்பரில் அப்பங்கீடு நிறுத்தப்பட்டது. பங்கீட்டுக் காலத்திலே கிடைத்த சில லீற்றரைக் கொண்டு எத்தனை நடை போகலாம் என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்தனர். வரிசை நீங்கியதும் கணக்கும் நீங்கிவிட்டது. அக்கணக்கை மீண்டும் கையில் எடுப்பது நலம்.

மற்றொன்றும் கவனிக்கற்பாலது. 2020 மார்ச்சு முதல் நாட்டுக்குள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. 2025 பெப்புருவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆதலின் கமக்காரரிடம் உள்ள வண்டிகளிற் பல ஆண்டு முதிர்ந்தவை. புது வண்டி வாங்கிச் சிக்கனம் தேடுவது எல்லோர்க்கும் இயலாது. உள்ள வண்டியை ஓட்டும் முறையிலேதான் சிக்கனத்தைத் தேடவேண்டும்.

விற்பனைத் தாளின் கணக்கும் வீதியின் கணக்கும்

வண்டி விற்பவர் கொடுக்கும் தாளில் ஒரு லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று அச்சிட்டிருக்கும். அது பொய்யன்று; ஆனால் அது பரிசோதனைச் சாலையிற் கண்ட கணக்கு. அங்கே வண்டி உருளைகளின்மேல் நின்றபடி, வகுத்த வேகங்களில், வகுத்த நேரத்திற்கு ஓடுகின்றது. அங்கே மணற்பாதை இல்லை, எதிர்காற்று இல்லை, குறுக்கே வரும் மாடும் இல்லை. பின்பெட்டியில் 15 மூடை நெல்லும் இல்லை.

ஐரோப்பிய நாடுகளில் மோட்டார்க் கார்களை ஆராய்ந்தோர், அச்சிட்ட கணக்குக்கும் வீதியிற் செலவான எரிபொருளுக்கும் இடையே 2001 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 9 அளவாயிருந்த வேறுபாடு, 2015 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 40 ஐயும் கடந்துவிட்டதெனக் கண்டனர். அதன் பின்னரே 2017 முதல் அங்கே பரிசோதனை முறை மாற்றப்பட்டது. கார்களுக்கே இவ்வாறாயின், சுமையேற்றி வயற்பாதையில் ஓடும் கெப் வண்டிக்குத் தாளின் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தம் வண்டியின் கணக்கைத் தாமே அறிதல்

இதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். முதலில் டீசற் தாங்கியை நிரம்ப அடித்து, ஓடிய தூரத்தைக் காட்டும் மானியின் இலக்கத்தை எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் வண்டியை ஓட்டி, அடுத்த முறை அதே நிலையத்தில் மீண்டும் நிரம்ப அடிக்கவேண்டும். அப்போது சென்ற லீற்றரையும் மானியின் புது இலக்கத்தையும் எழுதவேண்டும். ஓடிய தூரத்தை லீற்றரால் வகுத்தால் விடை கிடைக்கும். 378 கிலோமீற்றர் ஓடி 42 லீற்றர் சென்றிருந்தால் லீற்றருக்கு 9 கிலோமீற்றர்.

ஒருமுறை பார்த்தாற் போதாது. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். “ஆயிரம் ரூபாவுக்கு அடி” என்று துண்டு துண்டாக அடிப்பவர் இக்கணக்கை ஒருபோதும் அறியமாட்டார். கணக்கு எழுதுவதில் இன்னொரு பயனும் உண்டு: 10 கிலோமீற்றர் ஓடிய வண்டி திடீரென 8 ஆகக் குறைந்தால், எங்கோ பழுது என்று அக்கொப்பியே முதலில் அறிவிக்கும்.

டீசல் எங்கே போகின்றது?

எஞ்சினிலே எரியும் டீசலின் வலுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சில்லைச் சுழற்றும் வேலைக்கு வருகின்றது. மற்றது வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் நீர்த்தாங்கி வழியாகவும் போய்விடும். அந்த மூன்றிலொரு பங்கும் நான்கு வேலைகளுக்குச் செலவாகின்றது: வண்டியை நிலையிலிருந்து வேகத்திற்குக் கொண்டுவருதல், காற்றைப் பிளந்து செல்லுதல், வீதியில் சில்லு உருளுதல், மேட்டில் ஏறுதல். இவற்றுள் முதலிரண்டும் பெரும்பாலும் சாரதியின் காலில் அடங்கியவை.

சுமையுடன் 2,500 கிலோ நிறையுள்ள கெப் வண்டியொன்றை நிலையிலிருந்து மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற்குக் கொண்டுவர, உருளலுக்கும் காற்றுக்கும் செல்வது நீங்கலாக, ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் டீசல் வேண்டும். அது இரண்டு மேசைக்கரண்டி அளவு. பிறேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியதும் அவ்வளவும் சில்லுத் தட்டத்திலே சூடாகி வீணாகின்றது. முப்பது முறைக்குச் சற்று மேலாக அவ்வாறு எழும்பி நின்றால் ஒரு லீற்றர் போயிற்று. 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிறுத்தினாலோ ஒவ்வொரு முறையும் 50 மில்லிலீற்றருக்கு மேல் போகின்றது.

நல்ல வண்டிற்காரரை நினைவிற் கொள்க. மாட்டை அடித்து விரட்டிவிட்டு உடனே மூக்கணாங்கயிற்றை இழுப்பவரை எவரும் வண்டிற்காரர் என மதியார். மேடு வருமுன் மாட்டை ஆயத்தப்படுத்துவதும், பள்ளத்தில் தானாக நடக்க விடுவதும் அவர் பழக்கம். கெப் வண்டிக்கும் அதுவே விதி.

ஓட்டும் முறை

மெல்ல எழும்புதல்: யப்பானிய அரசாங்கம் சாரதிகளுக்குக் கூறும் சிக்கன விதிகளில் முதன்மையானது, புறப்படும்போது முதல் 5 விநாடியில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தை அடையும் அளவே மிதிப்பது. இதனாலேயே எரிபொருளில் நூற்றுக்கு 10 அளவு மிஞ்சும் என அங்கே கணித்துள்ளனர். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தார், விரைந்து எழும்பிக் கடும் பிறேக்கிடும் பழக்கத்தால் நெடுஞ்சாலையில் எரிபொருட் சிக்கனம் நூற்றுக்கு 15 முதல் 30 வரையும், நின்று நின்று செல்லும் வீதியில் 10 முதல் 40 வரையும் குறையும் என்கின்றனர்.

முன்பார்வை: அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊர்கள் தொடர்ந்து வருகின்றன. பள்ளிவாசல், பாடசாலை, சந்தை, பஸ் தரிப்பு என்று வழியெல்லாம் மக்கள் நடமாட்டம். இங்கே முன்னாற் செல்லும் முச்சக்கரவண்டியின் பின்விளக்கை மட்டும் பார்த்து ஓட்டுபவர் பத்தடிக்கு ஒருமுறை பிறேக்கை மிதிப்பார். நூறு யார் முன்னே பார்த்து ஓட்டுபவரோ, நெரிசலைக் கண்டதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாகத் தளரும். அவர் அங்கே சேருமுன் வழியும் விலகும். டீசலும் மிஞ்சும், பிறேக்குத் தோலும் தேயாது, சிறுபிள்ளை குறுக்கே ஓடினாலும் ஆபத்துக் குறைவு.

வேகம்: காற்றின் தடை வேகத்தின் இருமடியாக உயரும். 60 இலிருந்து 80 கிலோமீற்றருக்கு ஏறினால் அத்தடை 1.78 மடங்காகின்றது. பொத்துவிலிலிருந்து கோமாரி, திருக்கோவில் வழியாக அக்கரைப்பற்று வரையுள்ள ஏறத்தாழ 45 கிலோமீற்றர் வீதி சமதரையானது. விரைந்தோடச் சாரதியின் மனம் தூண்டப்படும். அத்தூரம் முழுவதும் 60 க்குப் பதிலாக 80 இல் ஓடினால் மிஞ்சும் நேரம் 11 நிமிடம் மட்டுமே. அந்நிமிடங்களையும் சந்தை வாசலில் இறக்குகூலியாளரைக் காத்து நிற்பதிலே இழந்துவிடுவர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கே செல்லும் வண்டி எதிர்காற்றையும் தள்ளவேண்டியிருப்பதால் அப்போது வேகம் இன்னும் குறைவாயிருத்தல் நன்று. 1973 இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது, அமெரிக்கா போன்ற செல்வ நாடே 1974 முதல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்குள் அடக்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மேற்கே லாகுகல வழியாகச் சியம்பலாண்டுவை, மொனராகலைப் பக்கம் செல்வோருக்கு வேகம் குறைத்தற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே பொழுதுபட்டால் யானை வீதியைக் கடக்கும்.

கியர்: எஞ்சின் முனகாத அளவுக்கு விரைவிலே மேற்கியருக்கு மாற்றவேண்டும். கீழ்க்கியரில் எஞ்சினை இரைய விட்டு ஓட்டுவது டீசலை வீணாக்கும். மேற்கியரில் எஞ்சின் திணறி நடுங்க ஓட்டுவதும் தவறு. அது எஞ்சினுக்குக் கேடு.

நின்ற வண்டி: மரக்கறி ஏற்றும்போதும், தேநீர்க்கடை முன்னும் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது பலரது வழக்கம். கெப் வண்டியின் டீசல் எஞ்சின் சும்மா ஓடினாலும் மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை குடிக்கும்; குளிரூட்டியும் ஓடினால் இன்னுங் கூடும். ஓரிரு நிமிடத்திற்கு மேல் நிற்க நேரின் எஞ்சினை நிறுத்துக. நெடுந்தூரம் கடுஞ்சுமையுடன் ஓடிவந்த டர்போ எஞ்சினை மட்டும் ஒரு நிமிடம் ஆறவிட்டு நிறுத்துதல் நன்று.

தவறான நம்பிக்கைகள்

இறக்கத்தில் கியரை விலக்கி நியூற்றலில் விட்டால் டீசல் மிஞ்சும் என்பர். உண்மை இதற்கு மாறானது. கியரில் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால் சில்லே எஞ்சினைச் சுழற்றும். அப்போது எஞ்சினுக்கு டீசல் செல்வது நின்றுவிடும். நியூற்றலில் விட்டாலோ எஞ்சின் அணையாதிருக்க டீசல் குடித்துக்கொண்டேயிருக்கும். அன்றியும் எல்லையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குவது போன்ற நீண்ட இறக்கங்களில் எஞ்சினின் பிடி இல்லாமல் பிறேக்கை மட்டும் நம்பினால், அது சூடேறிப் பிடியிழக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதனினும் கொடிது. பிறேக்கும் வளைவுச்சில்லும் இறுகிப் போகும். சில ரூபாவுக்காக உயிரைப் பணயம் வைத்தல் ஆகாது.

வெறும் பெட்டியுடன் செல்லும்போது பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று இலகுவாக வெளியேறும் என்பதும் தவறு. கதவு மூடியிருக்கையில் பெட்டிக்குள் ஒரு காற்றுச்சுழி தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கிச் செல்லவிடும். ஆதலின் கதவை மூடியே செல்க. மூடும் படங்கையும் இழுத்துக் கட்டுக. படபடக்கும் படங்கு காற்றைப் பிடிக்கும்.

டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தால் செலவு குறையும் என்ற எண்ணம் மண்ணெண்ணெய் விலை குறைவாயிருந்த காலத்தில் எழுந்தது. 2022 ஓகத்தில் அதன் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. விலை எதுவாயினும் கலத்தல் தீது. டீசலிலுள்ள வழுவழுப்பே எஞ்சினுக்கு டீசலை அமுக்கும் பம்பைத் தேயாமற் காப்பது. மண்ணெண்ணெயில் அவ்வழுவழுப்புக் குறைவு. பம்பு பழுதானால் மிஞ்சிய பணத்தைப்போற் பன்மடங்கு போகும்.

சில்லும் சுமையும்

காற்றுக் குறைந்த சில்லு நசுங்கி உருளும். அதற்கு மிகுந்த வலு வேண்டும். நான்கு சில்லிலும் காற்றமுக்கம் சதுர அங்குலத்திற்கு ஓர் இறாத்தல் குறைந்தால் எரிபொருட் சிக்கனம் நூற்றுக்கு 0.2 அளவு குறையும். பத்து இறாத்தல் குறைந்தால் நூற்றுக்கு 2. சிறிதாகத் தோன்றினும் ஆண்டு முழுவதும் போகும் செலவு இது. சில்லும் விரைவில் தேயும். சுமையேற்றும்போது பின்சில்லுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது சாரதிப்பக்கக் கதவின் விளிம்பிலோ கைநூலிலோ எழுதப்பட்டிருக்கும். கிழமைக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் அளந்து பார்க்க. அறுகம்பைப் பக்கத்து மணலிற் புதைந்தபோது காற்றைக் குறைத்தவர், தார்வீதிக்கு ஏறியதும் மீண்டும் அடிக்க மறத்தலாகாது.

நான்கு சில்லுக்கும் வலுவூட்டும் கெம்பைச் சேற்றிலும் மணலிலும் மட்டுமே போடவேண்டும். காய்ந்த தார்வீதியில் அதைப் போட்டு ஓடினால் டீசலும் கூடும், பற்சில்லுகளும் கெடும்.

பெட்டியில் வேண்டாச் சுமை கிடக்கவிடலாகாது. சென்ற போகத்தில் ஏற்றிய இரும்புக்கம்பி, பழுதான நீரிறைக்கும் இயந்திரம், மண் நிறைந்த சாக்கு என்பன பல வண்டிகளில் மாதக்கணக்காகப் பயணம் செய்கின்றன.

வண்டியைப் பேணுதல்

சூடடிக்கும் காலத்தில் வயற்பாதைப் புழுதியும் நெற்சுணையும் காற்றுவடியை அடைத்துவிடும். கறுத்த புகை வந்தால் டீசல் முழுதும் எரியவில்லை என அறிக. அப்போது காற்றுவடியை முதலிற் பார்த்து, பின்னர் டீசல் தெறிக்கும் ஊசிகளைச் சோதிப்பிக்க வேண்டும். ஓடிவந்து நிறுத்தியபின் நான்கு சில்லின் நடுவருகே கையைக் கொண்டு சென்று பார்க்க. ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பின் அதன் பிறேக்குப் பிடித்தபடியே இருக்கின்றது. எஞ்சின் எண்ணெயைக் கைநூலில் உள்ள தரத்திலேயே, உரிய தூரத்தில் மாற்றுக.

கூட்டாகச் செல்லுதல்

மேற்கூறிய யாவற்றிலும் பெரிய சிக்கனம் அரைப்பெட்டியுடன் போகாதிருத்தலே. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பொத்துவிலிலிருந்து கல்முனைக்குப் போய் மீள ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஒரு தோட்டக்காரர் 400 கிலோ கத்தரியுடன் போகின்றார்; வண்டி லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடுகின்றது எனக் கொள்க. செலவு 15.6 லீற்றர். ஒரு கிலோ கத்தரிக்கு 39 மில்லிலீற்றர். அயல் தோட்டக்காரரின் 400 கிலோவையும் சேர்த்து ஏற்றினால், கூடிய சுமையால் வண்டி லீற்றருக்கு 8.5 கிலோமீற்றரே ஓடினாலும், கிலோவுக்கு 21 மில்லிலீற்றர் மட்டுமே செல்லும். இருவர் செலவும் ஏறத்தாழ அரைவாசியாகின்றது. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமைக்கு மேல் ஏற்றுதல் மட்டும் ஆகாது.

இனி, அதே 140 கிலோமீற்றரைச் சாரதியின் பழக்கத்தால் லீற்றருக்கு 9 இலிருந்து 11 ஆக்கினால், ஒரு பயணத்தில் 2.8 லீற்றர் மிஞ்சும். மாதம் எட்டுப் பயணத்தில் 22 லீற்றருக்கு மேல். 2022 யூன் விலையில் அது 10,000 ரூபாவுக்கு மேற்பட்ட பணம். இன்றைய விலையால் பெருக்கி ஒவ்வொருவரும் தம் கணக்கைக் காண்க. சந்தையிலே கத்தரி விலை விழுந்த கிழமையில், தோட்டக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு வருவதா, பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்குக் கொஞ்சம் கொண்டுவருவதா என்பதை இத்தொகையே முடிவு செய்யக்கூடும்.

வண்டியின் சொந்தக்காரர் ஒருவராகவும் ஓட்டுபவர் மற்றொருவராகவும் இருக்கும் இடங்களில் இன்னொரு வழியும் உண்டு. மிஞ்சிய டீசலிற் சாரதிக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம். “தம்பி, மெல்லப் போ” என்று நூறுமுறை சொல்வதிலும், “காக்கா, இந்த மாதம் எவ்வளவு மிச்சம்?” என்று அவரே கேட்கும்படி செய்வது பயன் தரும்.

மனத்திற் கொள்ளவேண்டியவை

1. தாங்கியை நிரம்ப அடித்து, தூரத்தையும் லீற்றரையும் கொப்பியில் எழுதுக.
2. மெல்ல எழும்புக, நெடுந்தூரம் முன்னே பார்த்து ஓட்டுக.
3. சமதரை வீதியிலும் 60 கிலோமீற்றரளவிற் செல்க.
4. நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடாதீர்.
5. இறக்கத்தில் கியரிலேயே இறங்குக.
6. கிழமைக்கு ஒருமுறை சில்லின் காற்றை அளக்க.
7. பின்கதவை மூடுக, வேண்டாச் சுமையை இறக்குக.
8. அயலவரோடு சேர்ந்து பெட்டியை நிரப்பிச் செல்க.

வயலிலே வரம்பு உடைந்து நீர் ஓடினால் கமக்காரர் நள்ளிரவிலும் மண்வெட்டியுடன் ஓடுவார். டீசற் தாங்கியிலிருந்து ஓடும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலாலேயே அதை அடைப்பார் இல்லை. வரும் போகத்தின் முதல் நடையிலேயே கொப்பியைத் திறந்து முதற் கணக்கை எழுதுவாராக. மூன்று தாங்கி முடியுமுன் எங்கே வரம்பு உடைந்திருக்கின்றது என்பது அவருக்கே தெரிந்துவிடும்.